வீழுமுன் அறிதல்

(திருமுடிவாக்கத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்யப்பெற்ற சொற்பொழிவு)



எம்மை இங்குப் பேச அழைத்த காரியதரிசி அவர்கள், யாம் தமிழ் கற்பித்துப் பிழைப்பவராதலின், சேக்கிழார் பெருமானைக் குறித்தாதல் பழைய நூலொன்றைக் குறித்தாதல் சில சொல்லுவோம் என்றே கருதியிருப்பார். அப் பெருமான் பிறந்த குன்றத்தூர் இங்கிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில் இருக்க, அவரை விடுத்து இடுப்பையும் முழங்காலையும் பற்றிப் பேச யாம் எழுந்தது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். நகைப்பின் நகைக்க. இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம், வீட்டில் வாழும் முதியோர் தவறி வீழ்தலும், அவ் வீழ்ச்சி நிகழுமுன்னரே அதனை அறிந்துகொள்ளுமாறும் ஆகும். யாம் வைத்தியர் அல்லோம். வைத்தியர் வாய்க் கேட்டவற்றையும், நூல்களிற் படித்தவற்றையும், எம் வீட்டில் பட்டு அறிந்தவற்றையுமே கூறுவோம். பட்டு அறிந்ததனை முதலிற் கூறுதல் முறை.

எம் அன்னையார்க்கு வயது 74. தந்தையார் காலஞ்சென்ற பின்னும் இவ்வூரிலுள்ள பழைய வீட்டை விட்டு வர மனமின்றி, தாமே சமைத்து, தாமே வாசல் தெளித்துக் கோலமிட்டு, கிருத்திகைதோறும் குன்றத்தூர் மலையேறி முருகப்பெருமானைத் தரிசித்து வந்தவர். யாமோ பள்ளிக்கூடத்து வேலையின் பொருட்டு வேறிடத்திற் குடியிருந்து, ஞாயிறுதோறும் வந்து பார்த்துச் செல்வோம். ஓர் ஐப்பசி மாதத்து இரவில், மழை பெய்து ஓய்ந்திருந்தபோது, பின்கட்டிலுள்ள குளியலறைக்குச் செல்லும் வழியில் அவர் வழுக்கி விழுந்தார். இதனை யாம் அறிந்தது அப்பொழுது அன்று. தை மாதத்தில் மீண்டும் ஒருமுறை நிலைப்படி தடுக்கி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்த பின்னரே, முன்னை வீழ்ச்சியையும் சொன்னார். மூன்று மாத காலம் அதனை எமக்கும் எம் மனையாட்டிக்கும் மறைத்திருந்தார். முழங்கையிற் கன்றியிருந்த இடத்தை இரவிக்கைக் கையினுள் ஒளித்து வைத்தாராம். "ஏன் அம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாகாதா?" என்று யாம் கேட்டதற்கு, "சொன்னால் என்னைத் தனியே இருக்க விடமாட்டாய், மலைக்கும் போக விடமாட்டாய், அதனால்தான் சொல்லவில்லையப்பா" என்றார்.

பெரியோர்காள்! அவர் கருதியது பிழையன்று. அன்றே சொல்லியிருப்பின் யாம் அங்ஙனமே செய்திருப்போம். வீழ்ச்சியை அறிந்த மக்கள் முதலிற் செய்வது காரணத்தை ஆராய்தல் அன்று, தடை விதித்தலேயாம். தடைக்கு அஞ்சி முதியோர் மறைக்கின்றனர்; மறைத்தலான் காரணம் ஆராயப்படாது போகின்றது; ஆராயப்படாத காரணம் இரண்டாம் முறை இடுப்பெலும்பை முறிக்கின்றது.

அன்று யாம் செய்த பிழை இன்னும் ஒன்றுண்டு. அதனையும் இவ்வவையில் ஒளியாது சொல்லுதல் கடன். தையில் விழுந்தபின் நான்கு நாள் அவர் சுவரைப் பிடித்து நொண்டி நடந்தமையால், எலும்பு முறியவில்லை, சுளுக்கே என்று யாமாகத் துணிந்து, எண்ணெய் காய்ச்சித் தேய்த்து உருவச் செய்தோம். ஐந்தாம் நாள் எழுந்திருக்கவே மாட்டாராயினார். காலொன்று குறுகி, பாதம் வெளிப்புறம் சாய்ந்து கிடந்தது. படம் பிடித்துப் பார்த்த வைத்தியர், தொடையெலும்பின் கழுத்து முன்னரே முறிந்து ஒன்றினுள் ஒன்று செருகி நின்றது என்றும், இப்பொழுது நழுவிவிட்டது என்றும் கூறினார். முதியோர் விழுந்தபின் இடுப்பிலேனும் கவட்டிலேனும் நோவு கண்டால், நடக்க இயன்றாலும் படம் பிடித்துப் பார்த்தல் வேண்டும். தேய்த்தலும் உருவுதலும் கட்டுக் கட்டுதலும் அவ்விடத்திற்கு ஆகா. கையெலும்பு முறிவு கட்டினால் கூடலாம். தொடையெலும்பின் கழுத்துக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே வழி. அது தாழ்க்குந்தோறும் படுக்கைப் புண்ணும், மார்ச்சளியும், காலில் இரத்தம் உறைதலும் வந்து சேரும். இடுப்பு முறிந்த முதியோர் பலர் உயிரிழப்பது முறிவினால் அன்று, படுக்கையினால்.

இஃது எம் வீட்டிற்கு மட்டும் நேர்ந்த ஒன்றன்று. உலகில் ஆண்டொன்றுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் மதிப்பிட்டுள்ளனர். 65 வயதைக் கடந்தாருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகின்றனர். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் நம் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப்பேர்க்கு மேல் 60 வயதை எட்டியவராயிருந்தனர். இந்திய தேசம் முழுவதற்கும் அது நூற்றுக்கு ஒன்பதுக்குக் குறைவு. நம் சங்கத்து அங்கத்தினர் குடும்பங்களுள் முதியோர் இல்லாத குடும்பம் ஒன்றைத் தேடிக் காண்டல் அரிது.

முதியோர்க்கென்றே தனி வைத்தியம் வேண்டும் என்பதை இத்தேசத்தில் முதன்முதல் உணர்ந்த இடங்களுள் நம் சென்னை நகரம் தலையாயது. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் அவர்கள் 1978-ஆம் ஆண்டில் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவொன்றைத் தொடங்கினார். பின்னர் அது உள்நோயாளர் விடுதியாகவும், மேற்படிப்புக்குரிய துறையாகவும் வளர்ந்தது. கிண்டியில் கிங் ஆராய்ச்சி நிலையத்து வளாகத்துள் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் திறக்கப்பெற்றது. இவ்வூரிலிருந்து கிண்டி அணித்தே. எனினும் நம்மவருள் எத்துணைப் பேர் விழாத முன்னர் அங்குச் சென்றனர்? விழுந்தபின் செல்வதற்கு எலும்பு வைத்தியர் போதும்.

விழப்போகின்றாரா இல்லையா என்பதை அறிவது சோதிடமன்று. முதலில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பர் அறிஞர். சென்ற ஓராண்டில் விழுந்ததுண்டா? நிற்கும்போதேனும் நடக்கும்போதேனும் தள்ளாடுவதுபோல் தோன்றுகிறதா? விழுந்துவிடுவோமோ என்னும் அச்சமுண்டா? இவற்றுள் முதற்கேள்வியே பெரிது. ஒருமுறை விழுந்தவர் மறுமுறை விழுதற்கு உரியவர். மூன்றாவதையும் எளிதாக எண்ணற்க. அச்சமுடையார் நடையைக் குறைப்பர். நடை குறையக் கால் மெலியும். கால் மெலிய அச்சம் உண்மையாய் முடியும்.

விழுந்ததுண்டு என்பாரை மேலும் வினாவுதல் வேண்டும். காயம் பட்டதா, ஓராண்டினுள் இருமுறையோ அதற்கு மேலோ விழுந்தனரா, விழுந்தபின் எழ மாட்டாமல் தரையிலேயே கிடந்தனரா, விழும்போது நினைவு தப்பியதா, உடல் பொதுவாகவே நலிந்துள்ளதா என்று கேட்க. இவற்றுள் ஒன்றுக்கேனும் ஆம் என்பாராயின், அவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வோம் என்றிராது வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும். பல நாட்டு வைத்தியர் கூடி 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை இவ்வாறே வகுத்துள்ளது. கேட்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. "விழுந்தாயா?" என்று மகன் உரத்த குரலிற் கேட்டால் "இல்லை" என்றே விடை வரும். பேத்தி மடியில் அமர்ந்து, "பாட்டி, எங்கேயாவது தடுக்கிக்கொண்டாயா?" என்று கேட்டாற் கதை முழுதும் வரும். எம் வீட்டில் பிற்பாடு அவ்வாறே வந்தது.

கேள்விக்கு அடுத்தது சோதனை. கைச்சட்டமுள்ள நாற்காலி ஒன்றை இட்டு, அதற்கு எதிரே 3 மீட்டர், அஃதாவது ஏறக்குறையப் பத்தடி தொலைவில் ஒரு கோடு கிழித்துக்கொள்க. முதியவர் தாம் வழக்கமாக அணியும் செருப்புடன், கோல் ஊன்றுபவராயின் கோலுடன், எழுந்து, இயல்பான நடையிற் கோடுவரை சென்று, திரும்பி வந்து அமர்தல் வேண்டும். எழத் தொடங்கியது முதல் அமர்ந்தது வரை எத்தனை விநாடி என்று கடியாரத்திற் பார்க்க. முன்னரே வழங்கிவந்த சோதனையொன்றுக்கு இங்ஙனம் கால அளவு கூட்டி 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் கனடா தேசத்தைச் சார்ந்த போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்னும் இருவர். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆயின் எச்சரிக்கை என்பர் அமெரிக்க அரசினர் சுகாதாரத் துறையார். 15 விநாடியைக் கடந்தால் என்பர் மேற்சொன்ன 2022-ஆம் ஆண்டு நெறிமுறையார். உரையாசிரியர் இருவர் மாறுபட்டால் மாணாக்கன் மயங்குவதுபோல் நாம் மயங்க வேண்டுவதில்லை. நம் வீட்டு முதியோர் 12-ஐக் கடந்தாலே கவனம் வைப்போம்.

விநாடியை மட்டும் எண்ணிக்கொண்டிராது நடையையும் நோக்குக. எழும்போது நாற்காலிச் சட்டத்தைக் கையால் உந்துகின்றாரா? திரும்பும்போது ஒரே வீச்சில் திரும்பாது சிறுசிறு அடியாகப் பலமுறை வைக்கின்றாரா? சுவரைத் தேடுகின்றாரா? நடக்கும்போது யாரேனும் பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகின்றாரா? இவ் விறுதிக் குறியைச் ஸ்வீடன் தேசத்தார் 1997-ஆம் ஆண்டில் ஆராய்ந்து, பேச்சுக்கு நடையை நிறுத்துவோர் விழுதற்கு மிக உரியர் என்று கண்டனர். நடத்தல் தானே நிகழ்வதாய் இல்லாது, மனம் முழுவதையும் வேண்டி நிற்கும் தொழிலாய்விட்டது என்பதற்கு அஃது அறிகுறி. எம் அன்னையார் ஓராண்டுக்கு முன்னரே அங்ஙனம் நின்று நின்று பேசினார். யாம் அதனை அன்பின் மிகுதி என்று எண்ணினோம்.

காலின் வலிமையை அறிய இன்னொரு வழி உண்டு. கைகளை மார்பின்மேற் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுதலும் அமர்தலும் 30 விநாடியில் எத்தனை முறை இயலும் என்று எண்ணுவது. 70 முதல் 74 வயதுள்ள ஆடவர் 12 முறைக்கும் பெண்டிர் 10 முறைக்கும் குறைந்தால் கால்வலி தளர்ந்தது என்பர். நிலையை அறிவதற்கு, ஒரு பாதத்தின் முன் மற்றொரு பாதத்தைக் குதிகாலும் விரலும் தொடும்படி நேராக வைத்துப் பத்து விநாடி நிற்கச் செய்க. அருகில் ஒருவர் பிடிக்கத்தக்க நிலையில் நிற்றல் இன்றியமையாதது. சோதனையே விபத்தாதல் கூடாது.

இச் சோதனைகளில் தேறியவர் விழவே மாட்டார் என்று துணிதலும் தவறு. கால் திடமாயிருந்தும் விழுவோர் உளர். அவர்க்குக் காரணம் பலபோது மருந்துப் பெட்டியுள் இருக்கும். இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, நீர் பிரிய ஒன்று, உறக்கத்திற்கு ஒன்று என்று வெவ்வேறு வைத்தியர் வெவ்வேறு காலத்துக் கொடுத்த மாத்திரைகள் ஒருங்கு கூடிய வயிற்றில், யாரும் எண்ணாத விளைவு தோன்றுகின்றது. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சடுதியில் தாழ்ந்து கண் இருளுகின்றது. இதனை அறிய, ஐந்து நிமிஷம் படுத்திருக்கச் செய்து அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் மீண்டும் பார்ப்பர். மேலெண் 20-உம் கீழெண் 10-உம், இவ் விரண்டில் ஒன்றேனும் அத்துணை குறைந்தால், அது கவனிக்கற்பாலது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசினர் திட்டத்தின்படி, கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகின்றது. இயன்முறைப் பயிற்சியும் அத்திட்டத்துள் அடங்கும். அழுத்தம் பார்க்க வரும் அம்மையாரிடம், உட்கார்ந்து ஒருமுறையும் நின்று ஒருமுறையும் பார்க்கும்படி கேட்பதற்குக் காசு செலவில்லை. ஒன்று எச்சரிக்கின்றோம்: எம் பேச்சைக் கேட்டு மாத்திரைகளைத் தாமே நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையிலிட்டு ஒரே வைத்தியர் முன் கொட்டிக் காட்டுங்கள்.

கண்ணிற் புரையும், சர்க்கரையால் மரத்துப்போன பாதமும், குதிகால் தேய்ந்த ரப்பர்ச் செருப்பும் கூறாமலே விளங்கும். தூரத்திற்கும் படிப்பிற்கும் ஒன்றாய் அமைந்த மூக்குக்கண்ணாடியைப் பற்றி மட்டும் ஒரு சொல்: படி இறங்குவோர் அதன் கீழ்ப்பகுதி வழியே நோக்குதலாற் படி மங்கித் தோன்றும்.

இனி வீட்டைப் பார்ப்போம். இப் பகுதியில் வீதிகளின் கோலத்தை நீங்கள் அறிவீர்கள். பழைய தாரைச் சுரண்டாது அதன்மேற் புதிய தாரைக் கொட்டிக் கொட்டி வீதிகள் உயர்ந்தன. அவ்வாறு முன்னர் மூன்று படி ஏறிப் புகுந்த வீட்டினுள் இன்று இரண்டு படி இறங்கிப் புகுவோர் பலர். எம் பழைய வீடும் அத்தகையதே. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகி வந்த வெள்ளத்தைக் கண்டபின், புதிதாகக் கட்டுவோர் அச்சத்தினால் அடித்தளத்தை ஆளுயரம் எழுப்பி, ஏழு எட்டுப் படி வைக்கின்றனர். வெள்ளம் எப்போதோ வருவது. படியோ நாள்தோறும் ஏறி இறங்குவது. அப் படிகளுக்குக் கைப்பிடி வைத்தோர் எத்தனை பேர்? வாசலிற் பளபளக்கும் கிரானைட்டுக் கல் பதித்து, அதன்மேற் காலையில் நீர் தெளித்து, அந் நீரின்மேல் அறுபது வயது அம்மையாரைக் குனிந்து கோலமிடச் செய்கின்றோம்.

குளியலறைத் தளம் கூடத்தினும் இரண்டங்குலம் தாழ்ந்திருப்பது நம் பக்கத்து வழக்கம். நீர் வெளியேறாமைக்கு அது நல்லது. இரவில் இருட்டில் அரைத் தூக்கத்திற் செல்வோர்க்கு அது குழி. அவ் விளிம்பில் ஒரு வெள்ளைப் பட்டை பூசுதலும், படுக்கை முதல் குளியலறை வரை இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கும், கழிப்பறைச் சுவரில் இரும்புக் கைப்பிடி ஒன்றும் எம் வீட்டிற்கு ஆன செலவு, யாம் மருத்துவமனையிற் கட்டிய தொகையின் முன் எள்ளளவு. துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடியாக எண்ணற்க. அது ஆள் பாரம் தாங்காது, பெயர்ந்து ஆளுடன் விழும்.

பிறர் வீட்டைச் சொன்ன யாம் நம் சங்க மண்டபத்தைச் சொல்லாது விடின் நடுநிலை ஆகாது. இம் மண்டபத்திற்கு ஏறிவந்த படிகள் பதினொன்று. ஒருபுறத்தேனும் கைப்பிடி இல்லை. கல்யாண காலங்களில் அப்படிகளுக்கு மேலே வண்ண விளக்குத் தோரணம் கட்டுகின்றோம். அவ் விளக்கின் கீழ்ப் பெரியவர்களை இருபுறமும் இருவர் தாங்கி மூட்டைபோல் ஏற்றுகின்றனர். அங்ஙனம் ஏற்றப்படுதலை நாணிக் கல்யாணங்களுக்கே வாராது நின்ற மூவரை யாம் அறிவோம். வரும் நிர்வாகக் கூட்டத்தில், இருபுறமும் கைப்பிடி இடவும், படி விளிம்புகளிற் கோடு பூசவும் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளோம். செலவை ஒரு கல்யாண வாடகையில் அடக்கலாம் என்று கொல்லர் ஒருவரைக் கேட்டு வந்துள்ளோம். ஆதரிப்போர் ஆதரிக்க, மறுப்போர் காரணம் சொல்லி மறுக்க.

இனி, விலக்கற்பாலது ஒன்று. "போகாதே, ஏறாதே, குனியாதே, உட்கார்ந்திரு" என்று முதியோரைக் கட்டிலோடு பிணித்தல் காவலன்று. நிலையையும் கால்வலியையும் பயிற்றும் உடற்பயிற்சியினால் வீழ்ச்சிகள் நூற்றுக்கு 23 அளவு குறைகின்றன என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை காட்டுகின்றது. வெறும் நடை மட்டும் இதற்குப் போதாது. சமையல்மேடையைப் பிடித்து நின்று குதிகாலை உயர்த்தித் தாழ்த்தல், நாற்காலியில் எழுந்து எழுந்து அமர்தல், பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் நடத்தல் முதலியன வைத்தியர் காட்டியபடி வாரத்தில் மூன்று நாளேனும் செய்தல் வேண்டும். தரையில் அமர்ந்து உண்டு கையூன்றாது எழுந்த நம் முன்னோர்க்கு இப் பயிற்சி தனியே வேண்டியிராமல் இருந்தது போலும். நாற்காலியையும் சோபாவையும் வாங்கிய நாம் அதற்கு ஈடு செய்தே ஆக வேண்டும்.

விழுந்தவர் எழும் முறையையும் வீட்டிற் பயின்று வைத்தல் நன்று. உடனே கையைப் பிடித்து இழுத்துத் தூக்கலாகாது. அடிபட்ட இடம் நோவின்றேல், ஒரு பக்கமாக ஒருக்களித்து, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்து, அருகிலுள்ள நாற்காலியைப் பற்றி, ஒரு காலை ஊன்றி, மெல்ல எழுந்து அமரச் செய்க. இரத்தம் உறையாமைக்கு மாத்திரை உண்பவர் தலையில் அடிபட விழுந்தால், நன்றாயிருப்பவர்போலத் தோன்றினும் அன்றே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. எழ இயலாதாரை அசைக்காது 108-ஐ அழைக்க.

கோல் ஊன்றுதலை இழிவென்று எண்ணுவோர் நம்மவருள் மிகுதி. எம் அன்னையாரும் முதலில் அதனைத் தொடமாட்டேன் என்றார். புறநானூற்று 243-ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் இன்று யார்க்கும் தெரியாது. முதுமையில் ஊன்றிய பூணிட்ட கோலைக் குறித்து அவர் அமைத்த தொடரே பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்குகின்றார். கோலாற் பெயர் மறையவில்லை, கோலாலேயே பெயர் நின்றது என்று யாம் சொல்ல, "புலவருக்கு ஆகும், எனக்கு ஆகுமா?" என்று சிரித்துவிட்டு மறுநாள் எடுத்துக்கொண்டார். கோலின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்பளவு இருத்தல் வேண்டும். பாட்டனார் கோல் என்பதற்காகப் பேரனார் ஊன்றினால் தோள் நோகும். அடியில் ரப்பர்க் குமிழ் தேய்ந்ததா என்றும் பார்க்க.

அறுவைக்குப் பின் எட்டு மாதம் ஆயின. மலைக்கு இன்னும் ஏறவில்லை. அடிவாரம் வரை சென்று வணங்கி வருகின்றார். விழுந்தாற் சொல்லுவது அவர் கடன், சொன்னால் தடுக்காதிருப்பது எம் கடன் என்று எங்களுள் ஓர் உடன்படிக்கை. சென்ற மாதம் புழக்கடையிற் சறுக்கியதை அன்று மாலையே தொலைபேசியிற் சொன்னார். யாம் வாயைத் திறவாது, மறுநாள் சென்று பாசியைத் தேய்த்துக் கழுவினோம்.

மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியும், அதற்கெதிரே பத்தடியிற் சுண்ணக்கோடும் இட்டுள்ளோம். 60 வயதைக் கடந்தோர் யாவரும் சிற்றுண்டிக்கு முன் ஒருமுறை நடந்து காட்டும்படி வேண்டுகின்றோம். பிடித்துக்கொள்ள இளைஞர் இருவர் நிற்கின்றனர்; பெண்டிர்க்கு எம் மனையாட்டி நிற்பாள். பெயரும் விநாடியும் அவரவர் கையிலேயே ஒரு சீட்டில் எழுதித் தரப்படும், சங்கத்துப் புத்தகத்தில் ஏறாது. முதல் வரிசையில் நீலச் சேலையுடன் அமர்ந்திருக்கும் எம் அன்னையார் முதலில் நடப்பார். சென்ற வாரம் அவர்க்கு 17 விநாடி ஆயிற்று. கடியாரத்தில் விநாடி முள் உள்ளவர் யாரேனும் முன் வருக.